பேண்டுக்கு ஞானத்தாய்

"பேண்டுக்கு யாருன்னுதானே கேக்கறீங்க? நம்ம எலோடியாதான்" என்று கூகா அறிவித்ததும் முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

எலோடியாவின் கையிலிருந்த பொசோலே என்னும் சோள சூப் கிண்ணம் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

கூகாவின் மகள் யாரெட்சிக்கு அடுத்த மாதக் கடைசி சனிக்கிழமை பதினைந்து வயது விழா. லியோன் நகரத்தில் எந்த வீடும் அந்தச் செலவைத் தனியாகத் தூக்குவதில்லை. கேக்குக்கு ஒரு ஞானத்தாய், பூ அலங்காரத்துக்கு ஒருத்தி, ஹாலுக்கு ஒரு ஞானத்தகப்பன், பெண்ணுக்குக் கொடுக்கும் கடைசிப் பொம்மைக்கு ஒருவர், வாத்தியக்கார பேண்டுக்கு ஒருத்தி என்று தெருவே பங்கு போட்டுக்கொள்ளும். அந்தப் பங்கு பிரிக்கும் கூட்டம்தான் அந்த வியாழக்கிழமை நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரியின் பொசோலேயைச் சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் மாட்டேன் என்று சொன்னவர்கள் அந்தத் தெருவில் இதுவரை கிடையாது.

எலோடியா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தத் தடவை என்னால முடியாது கொமாத்ரே."

கைதட்டல் அறுந்தது. கூகா சிரித்த முகம் மாறாமலே கேட்டாள். "என்னடி விளையாடுற?"

"விளையாடல. பேண்டு எனக்கு வேணாம்."

"இதென்ன புதுசா இருக்கு?" என்றாள் பூ அலங்காரத்தை ஏற்றுக்கொண்டவள். "என் மக கல்யாணத்துக்கு நீதானே கேக் வாங்கிக் கொடுத்த. மூணடுக்கு. அந்தக் கிரெடிட் கார்டு எங்க போச்சு?"

"கார்டு எங்கயும் போகல. அதுக்குள்ள மூச்சு விடத்தான் இடம் இல்ல. மூணடுக்குல கடைசி அடுக்கை நான் இன்னும் கட்டிக்கிட்டிருக்கேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். கூகா சிரிக்கவில்லை. எலோடியாவின் மகனுக்கு ஞானத்தாய் கூகா. யாரெட்சிக்கு ஞானத்தாய் எலோடியா. அந்த உறவுக்குப் பேர்தான் கொமாத்ரே. கூடப்பிறந்தவர்களிடம்கூட அடித்துப் பேசிவிடலாம், கொமாத்ரேயிடம் முடியாது. அது தெரிந்துதான் எலோடியா குரலை இறக்கிச் சொன்னாள்.

"கோவிச்சுக்காத. புள்ளைக்கு என்னால முடிஞ்சதை நிச்சயம் செய்வேன். சனிக்கிழமை என் சீட்டுப் பணத்தை மட்டும் கொடுத்திடு. திங்கக்கிழமை பேங்க்ல கட்டணும்."

கூகாவின் கையிலிருந்த கரண்டி நழுவிப் பானைக்குள் விழுந்தது.

"சனிக்கிழமையா? ம்... பாக்கலாம்" என்றாள்.

இருபது பேர் சேர்ந்த சீட்டு அது. வாரம் ஆளுக்கு ஐந்நூறு பெசோ. நடத்துவது கூகா. புதன்கிழமை வசூல், சனிக்கிழமை பட்டுவாடா. ஏழு வருஷமாக அவள் வாயிலிருந்து 'பாக்கலாம்' என்ற வார்த்தை ஒரு தடவைகூட வந்ததில்லை.

*

"பாக்கலாம்னு சொன்னாளா?" என்று கேட்டான் சில்வெரியோ. எலோடியாவின் கணவன். லாரி ஷெட்டில் வண்டி கழுவுகிறவன். "கூகாவா சொன்னா?"

"அவளேதான்."

"அப்ப நெஜமாவே கோவம்தான். பேண்டை ஒத்துக்கிட்டிருந்தா இந்தத் தலைவலி இல்ல."

"ஒத்துக்கிட்டு ஒத்துக்கிட்டுத்தானே ரெண்டு கார்டும் கழுத்து வரைக்கும் ரொம்பிச்சு."

பதினோரு விழாக்களுக்கு எலோடியா ஞானத்தாயாக நின்றிருக்கிறாள். எல்லாமே கார்டில்தான். எல்லாமே வட்டியில்லாத் தவணை. தவணை தவறாதவரை வட்டி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் வேலை செய்யும் செருப்புப் பட்டறை இரண்டு மாதம் மூடிக் கிடக்கும் என்பதுதான் தெரியாது. அந்த இரண்டு மாதத்தில் நுழைந்த வட்டி, விருந்துக்கு வந்து வீட்டோடு தங்கிவிட்ட மாமனைப் போல உட்கார்ந்துகொண்டது.

ஜனவரியில் அவள் ஒரு முடிவெடுத்தாள். இரண்டு கார்டும் தையல் மெஷின் டிராயருக்குள் போயின. வெளியே எடுப்பதில்லை. பெரிய கார்டுக்கு மினிமம் மட்டும். சின்ன கார்டுதான் அதிக வட்டி தின்றது. அதனால் மிச்சம் பிடித்த ஒவ்வொரு பெசோவும் அதன் தலையில். பட்டறைக்கு நடை. மதியம் வீட்டுச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை இறைச்சி, கசாப்புக் கடைப் பலகையில் மட்டும். கூடவே வாராவாரம் சீட்டு. போன வாரம் பேங்க்கில் பேசி ஒரு வார்த்தையும் வாங்கிவிட்டாள். திங்கட்கிழமைக்குள் ஒன்பதாயிரத்து அறுநூறு பெசோவை ஒரே தடவையில் கட்டினால் அபராத வட்டி தள்ளுபடி, சின்ன கார்டின் கணக்கு மூடப்படும். தவறினால் தள்ளுபடி கிடையாது. பழைய வட்டி முழுவதும் திரும்பி வந்து ஏறிக்கொள்ளும்.

சீட்டுப் பணம் பத்தாயிரம். கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"அந்த மூணடுக்குக் கேக் வெட்டின பொண்ணு போன மாசம் விவாகரத்தே வாங்கிட்டா" என்றான் சில்வெரியோ. "நம்ம தவணைதான் இன்னும் குடும்பம் நடத்துது."

எலோடியாவுக்குச் சிரிப்பு வந்தது. தூக்கம்தான் வரவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை, தோன் அபுந்தியோவின் பட்டறையில் எலோடியா மெஷினில் குனிந்திருந்தாள். காலணியின் மேல் தோலைத் தைப்பது அவள் வேலை. வாசலில் ஒரு கனமான குரல் கேட்டது.

"பதினாலு ஜோடி. எல்லாம் வெள்ளை. மூக்கு கூர்மையா இருக்கணும்."

தோன் எவரார்தோ. ஊரில் பேர் போன பேண்டின் தலைவர். வயிறு முதலில் வந்தது, மீசை அடுத்து, அவர் கடைசியாக வந்தார்.

"முன்பணம் நேத்தே கொடுத்துட்டீங்களே, அளவு கொடுக்கத்தானே வந்தீங்க? உக்காருங்க" என்று வரவேற்றுவிட்டு முதலாளி தோன் அபுந்தியோ குடோனுக்குள் போனார்.

தோன் எவரார்தோ எலோடியாவின் மெஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கண் மெஷின் மேல் இருந்த நூல்கண்டில் விழுந்தது. கருஞ்சிவப்பு மெழுகு நூல்.

"அட, இந்த நூல்தான்."

"எந்த நூல்?"

"புதன்கிழமை சாயங்காலம் ஒரு வீட்ல பதினஞ்சு வயசு விழாவுக்கு என்னை புக் பண்ணாங்க. அந்தம்மா பத்தாயிரத்தைக் கொண்டுவந்து மேசை மேல கொட்டினாங்க பாருங்க, எனக்குச் சிரிப்பு தாங்கல. குட்டிக் குட்டிச் சுருளா இருபது சுருள். ஒண்ணு ரப்பர் பேண்டு, ஒண்ணு தலைமுடி ரிப்பன், ஒண்ணு சோளத்தோல். ஒரு சுருள் மட்டும் இதே நூல்ல, செருப்புத் தைக்கிற மாதிரி இழுத்து முடிச்சுப் போட்டிருந்துச்சு. பல்லால கடிச்சுத்தான் அறுத்தேன்."

எலோடியாவின் கால் மிதியிலிருந்து எடுபட்டது. மெஷின் நின்றது.

அந்த முடிச்சு அவள் போட்டது. ஒவ்வொரு புதன்கிழமையும் தன் ஐந்நூறை அவள் அப்படித்தான் கட்டிக் கொடுப்பாள்.

"அந்தம்மா கூகாவா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"அவங்களேதான். தெரியுமா?"

"தெரியும்" என்றாள் எலோடியா. "பணம் பத்திரமா இருக்கா?"

"என்கிட்ட எங்க இருக்கு? அப்படியே கொண்டுவந்து உங்க முதலாளிகிட்ட பூட்ஸுக்கு முன்பணமாக் கட்டிட்டேன்."

எலோடியா தலையைத் திருப்பினாள். பத்தடி தள்ளி, புனித கிறிஸ்பின் படத்துக்குக் கீழே, தோன் அபுந்தியோவின் பச்சை நிற கல்லாப்பெட்டி பூட்டிக் கிடந்தது.

அவளுடைய திங்கட்கிழமை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

*

கூகா கதவைத் திறந்தாள். எலோடியாவின் முகத்தைப் பார்த்தாள். சமையலறைக்குள் போய் அடுப்பை அணைத்தாள்.

"யாரெட்சி?" என்று கேட்டாள் எலோடியா.

"நடனம் பழகப் போயிருக்கா."

"நல்லது. உக்காரு. பேண்டுக்காரர் பட்டறைக்கு வந்திருந்தார்."

கூகா உட்காரவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புதன்கிழமைக்குள்ள முன்பணம் தரலைன்னா அந்தத் தேதியை வேற வீட்டுக்குக் கொடுத்துடுவேன்னார். வசூல் பணம் கையில இருந்துச்சு. சத்தியமா திருடணும்னு எடுக்கல எலோடியா."

"தெரியும். இந்த வாரச் சீட்டு யாருதுன்னு பாத்துத்தானே எடுத்த?"

கூகா தலைகுனிந்தாள். "உன்னோடதுன்னுதான் எடுத்தேன். கூட்டத்துல கேட்டா நீ சரின்னு சொல்லுவ. உன் சீட்டு, உன் பேண்டு. கணக்கு தானா நேராயிடும்னு நெனச்சேன். பேண்டுக்கு இன்னும் தரவேண்டிய மிச்சப் பத்தாயிரத்தை எப்பவும் போல கார்டுல போட்டுடுவன்னு... பதினோரு தடவை நீ சரின்னுதானே சொன்ன?"

எலோடியாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பாதி வந்தது. மீதி வரும் வழியில் வேறொன்று உறைத்தது. அவள் சொல்லப்போகும் சரியை, அவள் வாயைத் திறக்கும் முன்பே, கூகா கடையில் கொடுத்து மாற்றிவிட்டிருக்கிறாள். இந்தத் தெருவில் எலோடியாவின் சரி நோட்டு மாதிரி புழங்கிக்கொண்டிருந்தது. அச்சடித்து விட்டது அவளேதான்.

"ஊருக்குச் சொல்லப் போறியா?" கூகாவின் குரல் உடைந்தது. "சொன்னா இனிமே ஒருத்தியும் என்னை நம்பி அஞ்சு பெசோ தரமாட்டா."

"சொன்னா எனக்குப் பத்தாயிரம் வருமா?"

"வராது."

"அப்ப அந்தப் பேச்சு எதுக்கு? முன்பணத்தைத் திரும்பக் கேட்டியா?"

"இன்னிக்குக் காலைலயே போன் பண்ணேன். ஒருதடவை வாங்கினா திருப்பறது இல்லையாம்."

"பூட்ஸுக்குக் கட்டிட்டாரு, எதைத் திருப்புவாரு?" எலோடியா மேசையிலிருந்து ஒரு சுண்டைக்காய் அளவு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பட்டறையிலிருந்து வரும் வழியெல்லாம் மனதில் ஒரு தையல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கடைசி முடிச்சு விழுந்தது. "விழா எந்தத் தேதி?"

"கடைசி சனிக்கிழமை. உனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு வேற என்ன நாள்?"

கூகா யோசித்தாள். லியோனில் பிறந்தவளுக்கு அதற்கு அதிக நேரம் ஆகாது. "செருப்புக்காரங்க பண்டிகை. புனித கிறிஸ்பின்."

"அதேதான். நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பட்டறைக்கு வா. நல்ல கம்மலாப் போட்டுக்கிட்டு வா. அழுத மூஞ்சியோட வந்துடாத. தோன் அபுந்தியோவுக்கு மூக்குல வேர்த்துடும், பேரத்துல ஏறி உக்காந்துப்பார்."

*

சனிக்கிழமை சம்பள நாள். கல்லாப்பெட்டி திறந்திருந்தது.

தோன் எவரார்தோ தோல் நிறம் பார்க்க வந்திருந்தார். எலோடியா சொல்லித்தான் வந்தார். கூகா வெள்ளைக் கம்மலோடும் வெளிறிய முகத்தோடும் வாசலில் நின்றாள்.

"முதலாளி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாள் எலோடியா. "இந்த வருஷம் கிறிஸ்பினுக்கு பேண்டு சொல்லியாச்சா?"

"இன்னும் ஒரு மாசம் இருக்கே."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. கடைசில வந்தது யாரு? ஒரு டிரம்மு, ஒரு ட்ரம்பெட். அதுலயும் ட்ரம்பெட்காரர் பூசை நடுவுலயே தூங்கிட்டார்."

மெஷின்கள் பக்கமிருந்து கூட்டமாகச் சிரிப்பு எழுந்தது. தோன் அபுந்தியோ முறைத்தார்.

"எதிர்ப் பட்டறைக்காரர் பதினோரு பேர் பேண்டு வெச்சார்" என்று தொடர்ந்தாள். "பாதிரியார் அங்கதான் சாப்பிட உக்காந்தார்."

"அதை ஏன்டியம்மா இப்ப கிளப்புற?"

"தோன் எவரார்தோவுக்கு அன்னிக்குப் பகல் சும்மாத்தான் இருக்கு. பதினாலு பேர். உங்க பட்டறை பூட்ஸைப் போட்டுக்கிட்டு உங்க வாசல்ல வாசிப்பாங்க. ஊர்வலத்துல அத்தனை பேர் கண்ணும் அவங்க கால்லதான் இருக்கும்."

தோன் அபுந்தியோவின் பார்வை தன்னை அறியாமலே பேண்டுத் தலைவரின் காலுக்குப் போனது. அந்தப் பார்வையை எலோடியா விடவில்லை.

"பகல் நாலு மணி நேரம். பத்தாயிரம்."

"ஏழு" என்றார் தோன் அபுந்தியோ.

"ஏழாயிரத்துக்கு ட்ரம்பெட்காரர் வருவார். தலையணையோட."

இந்தத் தடவை தோன் எவரார்தோவே வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "இரும்மா. அன்னிக்கு ராத்திரி நான் இந்தம்மா வீட்டு விழாவுல இருக்கேனே. அஞ்சு மணி நேரம்."

கூகா வாசலிலிருந்து உள்ளே வந்தாள். குரல் நடுங்காமல் வந்தது எலோடியாவுக்கே ஆச்சரியம். "அந்த அஞ்சு மணி நேரம் எனக்கு வேணாம் தோன் எவரார்தோ. என் வசதிக்கு மீறி ஒத்துக்கிட்டேன். மிச்சப் பத்தாயிரத்துக்கு எனக்கு வழி கிடையாது. அன்னிக்கு ராத்திரி வாசிச்சுட்டு நீங்க கையை நீட்டினா என்கிட்ட காத்துதான் இருக்கும்."

"முன்பணம் திருப்பறது இல்லைன்னு சொன்னேனே."

"நீங்க திருப்ப வேணாம்" என்று எலோடியா குறுக்கே வந்தாள். "முதலாளி உங்களுக்குப் பகல் வாசிப்புக்குப் பத்தாயிரம் தரணும். நீங்க கூகாவுக்குப் பத்தாயிரம் விடணும். அந்தப் பத்தாயிரம் இதோ பெட்டியிலயே இருக்கு. அதை முதலாளி கூகா கையில கொடுத்தா எல்லாம் முடிஞ்சது. உங்க பூட்ஸ் முன்பணம் கட்டினது கட்டினபடியே நிக்கும். ராத்திரி உங்களுக்கு விடுதலை. சனிக்கிழமை ராத்திரி உங்க பேண்டைக் கூப்பிட லியோன்ல ஆளா இல்ல?"

தோன் எவரார்தோ மீசையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டார். கண்கள் மேலே போயின. மனதுக்குள் எந்த வீட்டைக் கூப்பிடலாம் என்று ஓடுவது தெரிந்தது.

"பட்டறைக்குள்ள வந்த பணம் வெளிய போறது இங்க வழக்கமே இல்ல" என்று முனகினார் தோன் அபுந்தியோ.

"பாதிரியார் எதிர்ப் பட்டறையில சாப்பிடறதும் நல்ல வழக்கம் இல்ல முதலாளி."

பட்டறையில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தோன் அபுந்தியோ ஒரு பெருமூச்சு விட்டார். பெட்டிக்குள் கை விட்டார். நோட்டுகளை எண்ணினார். சந்தேகத்தோடு இன்னொரு தடவை எண்ணினார். கூகாவின் கையில் வைத்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றாள் எலோடியா.

"என்ன?" என்று இரண்டு ஆண்களும் ஒரே சமயத்தில் பயந்தார்கள்.

"கொசுறு. புள்ளை அப்பா இல்லாத புள்ளை. ராத்திரி எட்டிலேர்ந்து ஒம்பது வரை. ஒரே ஒரு மணி நேரம். அவ வால்ஸ் ஆடறதுக்கு மட்டும். ஒம்பது மணிக்கு நீங்க கிளம்பிடலாம்."

கொசுறு கேட்டால் இல்லை என்று சொல்வது வியாபாரிக்கு அழகில்லை. காய்கறிக்காரிக்கே அந்த மரியாதை உண்டு என்றால் பதினாலு பேர் பேண்டுக்கு இல்லாமலா. தோன் எவரார்தோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்.

"உன்கிட்ட நான் அளவு கொடுக்க வந்திருக்கக் கூடாதும்மா" என்றார். "நீ என்னையே அளந்துட்ட."

வாசலுக்கு வெளியே வந்ததும் கூகா பணத்தை அப்படியே எலோடியாவின் பைக்குள் திணித்தாள். "உன் சீட்டு. சனிக்கிழமை. ஒரு நாள்கூடத் தள்ளல."

"தள்ளல" என்று ஒப்புக்கொண்டாள் எலோடியா. "இனிமே வசூல் பணத்தைத் தொட்ட, கையை மெஷின்ல வெச்சுத் தெச்சுடுவேன்."

"தெச்சுடு" என்றாள் கூகா. அப்போதுதான் அழுதாள்.

*

திங்கட்கிழமை பேங்க் கவுன்ட்டரில் ஒன்பதாயிரத்து அறுநூறு உள்ளே போனது. ரசீது வெளியே வந்தது. சின்ன கார்டின் கணக்கு மூடப்பட்டது என்று அந்தப் பெண் கணினியைப் பார்த்து ஒரு முறையும் எலோடியாவைப் பார்த்து ஒரு முறையும் சொன்னாள். மிச்சம் நானூறு. முந்நூற்றைப் பெரிய கார்டில் கட்டிவிட்டு, மீதிக்குப் பன்றித்தோல் வறுவல் திணித்த காரமான ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு சில்வெரியோவின் லாரி ஷெட்டுக்கு நடந்தாள். சாலையோரமாக நின்றே சாப்பிட்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. காரச் சல்சாவின் வேலை.

"பெரிய கார்டுக்காரன் இன்னும் இருக்கானே" என்றான் சில்வெரியோ.

"இருக்கட்டும். சின்னவனுக்குப் போட்ட தீனியெல்லாம் இனிமே அவன் தலையில. அடுத்த பண்டிகைக்குள்ள அவனையும் அனுப்பிடலாம்."

அந்த வாரமே வெட்டுத் துண்டாக விழுந்த வெள்ளைத் தோலைத் தோன் அபுந்தியோவிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கினாள். வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்தாள். பதினைந்து வயது விழாவில் எல்லோரும் காத்திருக்கும் நிமிஷம் ஒன்று உண்டு. பெண்ணின் காலிலிருந்து தட்டைச் செருப்பைக் கழற்றி, முதல் முதலாக ஹீல்ஸ் மாட்டிவிடும் நிமிஷம். அந்த ஹீல்ஸுக்கு ஞானத்தாயாக யார் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவே இல்லை. பேண்டு சத்தத்தில் மறந்துவிட்டார்கள்.

தோலின் ஓரத்தில் பசை தடவ ஒரு சின்னத் தகடு வேண்டியிருந்தது. எலோடியா டிராயரைத் திறந்தாள். சின்ன கார்டு கிடந்தது. வளையவும் செய்தது, விறைப்பாகவும் இருந்தது. கடையில் விற்கும் தகட்டைவிட நன்றாகவே பசையை இழுத்தது. அன்றிலிருந்து அது மெஷின் மேலேயே கிடக்கிறது, அவள் பேருக்கு மேல் பசை காய்ந்து.

விழா ராத்திரி, எட்டு மணி கொசுறில் பதினாலு வெள்ளை பூட்ஸ் ஜோடிகள் தாளம் போட, யாரெட்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். கூகா மைக்கைப் பிடித்தாள்.

"ஹீல்ஸுக்கு ஞானத்தாய், என் கொமாத்ரே எலோடியா. கடையில வாங்கினது இல்ல. அவ கையால தெச்சது."

எலோடியா மண்டியிட்டு இரண்டு காலிலும் மாட்டிவிட்டாள். யாரெட்சி எழுந்து நின்றாள். ஒரு சுற்று ஆடிப் பார்த்தாள். "கடிக்கவே இல்ல மாட்ரினா" என்று தன் ஞானத்தாயின் காதில் சொன்னாள். கூட்டம் கைதட்டியது. இந்தக் கைதட்டலுக்குப் பின்னால் தவணை எதுவும் இல்லை என்பது எலோடியாவுக்குக் கேட்கும்போதே தெரிந்தது.

ஒன்பது மணிக்கு பேண்டு கிளம்பிப் போனது. யாரோ ஒரு பையனின் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தது. மூணடுக்குக் கேக் வாங்கிக்கொண்ட பூ அலங்காரக்காரி தட்டோடு வந்து எலோடியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மாதிரி குழைந்தாள்.

"என் மக திரும்பக் கல்யாணம் பண்ணிக்கப் போறா எலோடியா. இந்தத் தடவை நல்ல பையன். கேக்குக்கு நீ..."

"கேக் வேணாம்" என்றாள் எலோடியா. தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவைத்து முடித்தாள். "கால் அளவு எவ்வளவுன்னு சொல்லு."